ஊசி டாக்டர் மதிப்பீட்டுக் குழு

நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது, அது மக்களுக்காக ஓடோடி வருகிறது என்பதை நம்பாத நாத்திகர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் ஒரு வண்டி பிடித்து மேலக்கரைச்சேரிக்கு வந்து, முருகையன் வயலோரத்து வடிகாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகலாம். இது எந்தத் தாலுகா என்று மட்டும் சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற தாலுகாக்கள் கோபித்துக்கொள்ளும், எங்களிடம் அந்தத் திறமை இல்லையா என்று.

அந்தக் கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. முருகையனுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் சம்பா நெல்லும் தண்ணீருக்குள் போய்விட்டது. தூர் கட்டி நின்ற பயிர். கரையில் நின்று பார்த்தால் குளம் என்று நினைத்துக் குளிக்க இறங்கிவிடுவார்கள். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு நடப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். முருகையனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். யாராவது ஓர் அதிகாரி வந்து, மூழ்கிக் கிடக்கிற பயிரைக் கண்ணால் பார்த்து, "ஆமாம், மூழ்கித்தான் கிடக்கிறது" என்று எழுத வேண்டும். எழுதினால் நிவாரணம். எழுதாவிட்டால் அது மூழ்கவில்லை. தண்ணீருக்கு இந்த விதி தெரியாததால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் கிளமென்ட் வராத ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் வந்துகொண்டே இருந்தார்.

"சார், முருகையன் பேசறேன். பயிரு அழுக ஆரம்பிச்சிருச்சுங்க."

"வந்துட்டே இருக்கேன் முருகையன்."

"நேத்தும் அதான் சொன்னீங்க."

"நேத்து கெளம்பினேன். இன்னிக்கு வந்துட்டே இருக்கேன். எல்லாம் ஒரே நாள்ல ஆவுமா?"

வேளாண்மை உதவி அலுவலர் அருள்செல்வி இன்னும் முறையானவர். "வருவாய்த் துறை வந்தா நானும் வருவேன். கூட்டுப் புலத் தணிக்கைங்க. தனியா வந்தா அது கூட்டு ஆகாது" என்று சொல்லிவிட்டார். இந்த ஒற்றுமை உணர்வு நாட்டில் எத்தனை துறைகளுக்குள் இருக்கிறது?

கடைசியில் பொறுமை போய், முருகையன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வடிகாலில் இறங்கினார். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை இழுத்துப் போட்டு வழி விட்டால் தண்ணீர் வடியும், பாதிப் பயிராவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. மூன்றாவது இழுப்பில் ஆகாயத்தாமரையோடு ஒரு மனிதன் வந்தான்.

ஒன்றரை அடி மனிதன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பு, தைத்து மூடிய வாய், ஒரு கண்ணில் சிவப்புக் கண்ணாடி. கோட்டு நெடுக ரத்தம். கரையில் நின்ற அவர் மனைவி தையல்நாயகி எட்டிப் பார்த்தாள்.

"என்ன கண்றாவி இது? ஆஸ்பத்திரிலேருந்து தப்பிச்சு வந்தவன் மாரி இருக்கு."

"பொம்ம."

"இதைப் போயி எந்தப் புள்ள வெளையாடும்? ஓரமாத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு."

முருகையன் போடவில்லை. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அங்கேதான் சனி பிடித்தது. போன வருஷம் பக்கத்து ஊரில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஒரு சிலை கிடைத்ததும், அரை மணிக்குள் ஜீப்பு, தாசில்தார், கேமரா, கற்பூரம் என்று ஊரே கொள்ளாமல் போனதும் அவருக்கு ஞாபகம் வந்தது. காவிரி ஓடுகிற சீமையில் மண்ணுக்கு மேலே விளைந்ததைப் பார்க்க யாரும் வருவதில்லை. மண்ணுக்குக் கீழே கிடப்பதற்குத்தான் மரியாதை.

கிளமென்டுக்குப் போன் போட்டார்.

"சார், வயல்ல சிலை ஒண்ணு கெடச்சிருக்குங்க."

"தொடாதீங்க. நான் வந்துட்டேன்."

வந்தேவிட்டார். கைலியோடு வந்திருந்தார், பாதி முகத்தில் சவர நுரை. பின்னாலேயே ஜீப்பு. ஜீப்பிலிருந்து தாசில்தார் பஞ்சநதம் இறங்கினார். அவருக்குப் பின்னால், கூட்டுத் தணிக்கையின் இலக்கணம் தவறாமல், அருள்செல்வியும் இறங்கினார். முருகையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு துறை சார்ந்த ஆறு பாதங்கள் அவருடைய பயிருக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றன. வேறென்ன வேண்டும்?

"சிலை எங்கய்யா?" என்றார் தாசில்தார்.

"இதாங்கய்யா. வந்தது வந்தீங்க, அப்பிடியே இந்தப் பயிரையும் ஒரு பார்வை..."

"இருய்யா. சிலை நிக்கிறப்ப பயிரைப் பேசறே."

பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. தட்டினார். டொக்கு டொக்கு என்றது.

"கிளமென்ட், இது பிளாஸ்டிக் மாரி இருக்கே."

கிளமென்டின் முகத்தில் நுரை இல்லாத பாதியும் வெளுத்தது. "சார், 'சிலை கண்டெடுப்பு'ன்னு மேல மெசேஜ் போட்டாச்சு. 'பாதுகாக்கவும்'னு பதிலும் வந்தாச்சு."

அந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால் பொம்மையை வீசிவிட்டுச் சிரித்திருப்பான். பஞ்சநதம் சாதாரண மனிதரல்ல. முப்பது வருஷ சர்வீஸ். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். திறந்தபோது அதில் தெளிவு இருந்தது.

"நமக்கு இது பிளாஸ்டிக்னு தெரியும். ஆனா பிளாஸ்டிக்னு சொல்ல நமக்கு அதிகாரம் இருக்கா?"

யாருக்கும் இல்லை. எனவே அது அந்தக் கணத்திலிருந்து "சிலை வடிவிலான பொருள்" ஆயிற்று. அதன் தன்மையையும் மதிப்பையும் நிர்ணயிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு அமைக்க எடுத்துக்கொண்ட நேரம், ஜீப்பு திரும்பி நிற்பதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான். நிர்வாகம் மெதுவாக இயங்குகிறது என்று பேசுகிற வாய்களை அந்தப் பொம்மையின் வாயைப் போலவே தைத்துவிடலாம்.

போகிற போக்கில் தாசில்தார் ஓர் உத்தரவும் போட்டார். கண்டெடுத்த இடத்தை யாரும் தொடக் கூடாது. வடிகாலின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். இழுத்துப் போட்ட ஆகாயத்தாமரையைக்கூட, கிடைத்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக, ரிப்பன் கட்டிய ஊர்த் தலையாரி திரும்ப வடிகாலுக்குள்ளேயே தள்ளினார்.

"ஐயா, வடிகாலைத் தொறக்கலேன்னா தண்ணி வடியாதுங்க."

"தண்ணியும் தடயம்தான்யா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் பஞ்சநதம்.

அன்றைக்குச் சோறு போடும்போது தையல்நாயகி தட்டை வைத்த சத்தத்தில் பூனை ஓடிவிட்டது.

"பொம்மன்னு சொல்ல வாய் வரலையா ஒனக்கு?"

"பொம்மன்னா யாரு வருவா?"

"இப்ப வந்தாவளே, என்னத்தக் கிழிச்சாவ? நீ பாட்டுக்கு ஒரு மடை வெட்டி வுட்டிருந்தா இந்நேரம் தண்ணி பாதி வடிஞ்சிருக்கும். சிலையாம் சிலை."

முருகையன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவள் சொல்வது அத்தனையும் சரி. அதனால் ரசத்தைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

தாலுகா ஆபீசில் பொம்மைக்கு ராஜ உபசாரம். கண்ணாடி பீரோவைக் காலி செய்து அதில் நிற்க வைத்தார்கள். பீரோவில் இருந்த வெள்ள நிவாரண மனுக்கள் தற்காலிகமாகத் தரைக்கு வந்தன. கிளமென்டுக்கு ஒரு பொறுப்புணர்ச்சி உண்டு. மண்ணில் கிடந்து வந்த சிலையைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால், அவர் பொம்மையையும் எலுமிச்சம்பழ அளவு புளி போட்டுத் தேய்த்தார். சுவாமிமலையில் ஸ்தபதியாக இருந்த உறவுக்காரருக்குப் போன் போட்டு, "நல்லாத் தேய்க்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் தேய்த்தார். என்ன சாமி என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கோட்டிலிருந்த ரத்தமெல்லாம் போய், ஆள் பளிச்சென்று ஆகிவிட்டான்.

ஆபீசுக்கு வந்துபோகிறவர்கள் பீரோ முன்னால் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். யாரோ "ஊசி டாக்டர்" என்று பெயர் வைத்தார்கள். சளிக் காய்ச்சலுக்கு நல்லது என்றார்கள். ஒரு முழம் கதம்பம்கூட விழுந்தது.

நிபுணராக நியமிக்கப்பட்டவர் நீடாமங்கலத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் தௌபீக். துபாயில் ஐந்து வருஷம் இருந்தபோது சம்பளத்தில் பாதியை இந்த மாதிரிப் பொம்மைகளுக்கே செலவழித்த இளைஞர். சுற்றுவட்டாரத்தில் இந்தத் துறையில் அவரைவிடப் படித்தவர் இல்லை. அவரைத் தவிரப் படித்தவரே இல்லை. அவர் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதால், குழுவின் முதல் கூட்டம் டீயோடும் மெதுவடையோடும் கலைந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அவர் முதல் நாளே வந்து தங்கிவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்குக் "கண்டெடுத்தவர்" என்ற முறையில் முருகையனையும் அழைத்திருந்தார்கள். அவர் சட்டைப் பையில் மனுவை மடித்து வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். இன்றைக்கு எப்படியாவது கொடுத்துவிடுவது என்று கிளம்பி வந்திருந்தார். பயிர் அழுகிய வாடை அவர் வேட்டியிலேயே ஏறியிருந்தது.

தௌபீக் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். கிளமென்ட் பீரோவைத் திறந்தார். பொம்மை மேசைக்கு வந்தது. எல்லாரும் தம்மையறியாமல் எழுந்து நின்று, பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள்.

"டாக்டர் மார்வெக்" என்றார் தௌபீக். "இவனை நேர்ல பாப்பேன்னு நெனைக்கல சார்."

"யாரு தம்பி அவரு?"

"பேய்ப் படத்துல வில்லன் சார். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை ஊசி போட்டே கொல்லுவான். இவன் பொம்மையைக் கம்பெனி கொஞ்சந்தான் செஞ்சாங்க. யாரோ ஆசையா வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சிருப்பாங்க, வீட்ல அம்மா தூக்கி ஆத்துல எறிஞ்சிருப்பாங்க. எங்க வீட்லயே மூணு வில்லனுங்க அப்பிடித்தான் போனாங்க." மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார். "பெட்டி எங்க சார்?"

"என்ன பெட்டி?"

"இவன் வந்த அட்டைப்பெட்டி. அது இல்லேன்னா பாதி மதிப்பு போச்சு."

தாசில்தார் முருகையனைப் பார்த்த பார்வை, பெட்டியை அவர்தான் விழுங்கிவிட்டார் என்பது போலிருந்தது.

"பெட்டியெல்லாம் இல்லீங்க. ஆகாயத்தாமரைதான் இருந்துச்சு."

தௌபீக் லென்ஸைக் கண்ணில் வைத்தார். பொம்மையின் கை, கால், கழுத்து ஒவ்வொன்றையும் மடக்கிப் பார்த்தார். வலது முழங்கால் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். பஞ்சநதம் தன்னுடைய வலது முழங்காலைத் தடவிக்கொண்டு, "வயசானா வர்றதுதான்" என்றார். தௌபீக் கோட்டுக்கு வந்தார். லென்ஸை எடுத்துத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"ரத்தம் எங்க?"

"சுத்தம் பண்ணிட்டேன்" என்றார் கிளமென்ட், பாராட்டை எதிர்பார்த்து.

"சார், அது கம்பெனி போட்ட ரத்தம்."

"ஒரே கறையா இருந்துச்சு தம்பி."

"கையால தீட்டின ரத்தம் சார் அது. ஒவ்வொரு பொம்மைக்கும் வேற வேற மாதிரி தெறிச்சிருக்கும். அதுக்குத்தான் சார் காசே."

அறையில் துக்கம் சூழ்ந்தது. அருள்செல்வி மட்டும் நிலைமையைக் கையிலெடுத்தார். சேதத்தை மதிப்பிட அரசிடம் உள்ள முறை ஒன்றுதான், அது பயிருக்கான முறை. அவர் எழுந்து பொம்மையின் மேல், வயலில் பயிரை அளக்கச் சதுரச் சட்டம் வைக்கிற மாதிரி விரல்களை வைத்து அளந்தார்.

"தண்ணியில கெடந்த நாளு, தண்டுப் பகுதி பாதிப்பு, மேல் பகுதி நெறம் மாறினது... முப்பத்துமூணு சதவீதத்துக்கு மேல சேதம் சார். நிவாரணத்துக்குத் தகுதி இருக்கு."

"சபாஷ்" என்றார் தாசில்தார்.

முருகையன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மேடம், அதே தண்ணிலதாங்க என் பயிரும் கெடக்கு."

"உங்க பயிரை நான் பாக்கலையே அண்ணே."

"அதுக்குள்ளதாங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. உங்க கால் பட்டு நாலு தூரு சாஞ்சிச்சு."

"நின்னேன் அண்ணே. பாக்கலை. அன்னிக்கு வந்தது சிலைத் தணிக்கை."

மேலே பேச விடாமல் தௌபீக் ஒரு சத்தம் போட்டார். பொம்மையின் வலது கையை விளக்கருகே தூக்கிப் பிடித்திருந்தார். மூடிய கை. நடுவில் ஓட்டை.

"ஊசி இல்ல சார். இந்தக் கையில பெரிய ஊசி இருக்கணும். அது இல்லாம இவன் வில்லனே இல்ல. வெறும் டாக்டர்."

"மதிப்பு?"

"ஒண்ணுமே இல்ல சார்."

மேலிடத்துக்கு "ஒன்றுமில்லை" என்று எழுதுவது எப்படி? ஜீப்பு ஓடியிருக்கிறது. ரிப்பன் கட்டியிருக்கிறது. வடை வாங்கியிருக்கிறது. தற்காலிக ஏற்பாடாக வேறு எதையாவது கையில் வைத்து மதிப்புப் போடலாமா என்று கிளமென்ட் கேட்டார். சட்டத்தில் தடை இல்லை என்றார் தாசில்தார். ஊதுபத்தி செருகிப் பார்த்தார்கள். டாக்டர் பூசாரியாகிவிட்டார். டீ ஸ்பூன் வைத்தார்கள். சமையல்காரரானார். குடைக் கம்பி வழுக்கி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தௌபீக் லென்ஸை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

எல்லாரும் களைத்து டீக்குச் சொல்லியனுப்பினார்கள். அந்த இடைவெளியில் முருகையன் எழுந்து போய், மனுவைப் பிரித்துத் தாசில்தார் முன் வைத்தார்.

"ஐயா, ஆறு மா. மொத்தமும் போச்சுங்க. ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். வடிகாலையாச்சும் அன்னிக்கே தொறக்க வுட்டிருந்தா கொஞ்சம் தேத்தியிருப்பேன்."

பஞ்சநதம் கருணையுள்ளவர். மனுவை முழுசாகப் படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"கணக்கெடுப்பு நேத்தோட முடிஞ்சுது முருகையன்."

"அதுக்கு முன்னாடியேதாங்க நீங்க வந்தீங்க."

"வந்தேன். அதான் சிக்கலே. நாங்க வந்ததுலேர்ந்து ஒங்க எடம் வயல் இல்ல. 'கண்டெடுப்பு இடம்'. அங்க அந்தப் பொம்மையத் தவிர குறிப்பிடத்தக்கதா எதுவும் இல்லேன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப பயிர் இருந்துச்சு, அழுவிப் போச்சுன்னா, நான் பொய் சொன்னேன்னு ஆவாதா?"

"இருந்துச்சுங்களே ஐயா."

"எனக்கும் தெரியும்யா" என்றார் பஞ்சநதம் அன்பாக. "ஆனா இருந்துச்சுன்னு சொல்ல இப்ப யாருக்கும் அதிகாரம் இல்ல. அடுத்த வருஷம் சீக்கிரமா மூழ்கினா சொல்லு, நானே வர்றேன்."

பச்சை மைப் பேனாவைத் திறந்து, மனுவின் ஓரத்தில் "தள்ளுபடி" என்று அழகாக எழுதிக் கீழே கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் கோபமே வராது, அவ்வளவு முத்து முத்தாக இருந்தது. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு டீயை எடுத்தார்.

முருகையன் போகவில்லை. மனுவையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே டாக்டர் மார்வெக், தைத்த வாயோடும் வெறுங்கையோடும் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் முருகையன். "இவரு படத்துல எத்தனை பேரைக் கொன்னாரு?"

"பதினோரு பேருண்ணே."

"அம்புட்டும் அந்த ஊசியாலயா?"

"ஆமாண்ணே."

முருகையன் தாசில்தாரின் பேனாவை எடுத்தார். பொம்மையின் வலது கை ஓட்டையில் அதைச் செருகினார். வழுக்கவில்லை, ஆடவில்லை. செய்து வைத்த மாதிரி நின்றது. தௌபீக் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார்.

"பொருந்துது சார்" என்றார் மெதுவாக.

"யோவ், அது என் பேனாய்யா" என்றார் பஞ்சநதம்.

"ஆமாங்கய்யா" என்றார் முருகையன். "ஊசியை வச்சுக்கிட்டு அவரால பதினோரு பேருக்கு மேல முடியல. இப்பப் போடுங்க மதிப்பு."